காயக் பம்புக்கு எந்த சுவிட்ச்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கடல் காயக் (உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு) பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். துடுப்புப் பிடிப்பது, கவிழ்ந்தால் மறுபடி ஏறுவது எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீரை இறைக்கும் மின் பம்ப் பற்றி ஒரே ஒரு வரி: தூசியும் தண்ணீரும் எவ்வளவு தூரம் புகாது என்று சொல்லும் ஐ.பி. 67 முத்திரை உள்ள சுவிட்சாகப் பார்த்து வாங்கினால் போதுமாம். அந்த வரியை நம்பி யாரும் கடலில் இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் எழுதுகிறேன். நான் பாக் விரிகுடாக் கரையில் படகுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். ஆறேழு வருடமாகக் காயக்கும் ஓட்டுகிறேன்.

என் காயக்கில் முதலில் இருந்ததும் அப்படிப்பட்ட சுவிட்ச்தான். ரப்பர் தொப்பி போட்ட டாகிள், அதாவது சின்னக் குச்சியைத் தட்டிப் போடும் சுவிட்ச். வாடைக் காலத்தில் ஒரு நாள் காலை, கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள்ளேயே அலை புரட்டிப் போட்டுவிட்டது. எப்படியோ ஏறி உட்கார்ந்தேன். இடுப்பளவு தண்ணீர். சுவிட்சைத் தட்டினால் பம்பில் சத்தமே இல்லை. கைப்பம்ப் இருந்தது. அதை அடிக்க இரண்டு கையும் வேண்டும். துடுப்பை விட்டால் அடுத்த அலை மறுபடி கவிழ்த்துவிடும். இரண்டு கையும் துடுப்பில் இருக்கட்டும் என்றுதானே மின் பம்பே வைக்கிறோம்! கூட வந்த தம்பி தன் காயக்கை என்னுடையதோடு அணைத்துப் பிடித்துக்கொண்டதால் இறைத்து முடித்துக் கரை சேர்ந்தேன்.

வீட்டில் கழற்றிப் பார்த்தபோது ரப்பர் தொப்பி புதிது போலவே இருந்தது. பின்பக்கம் வயர் மாட்டும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் வந்து சேரும் முனை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் அந்த முனையில் 12 வோல்ட் நின்றுகொண்டேதான் இருக்கும். உப்புத் தண்ணீர் ஒரு படலமாகப் படிந்தாலே போதும், பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும்.

அந்த முத்திரையில் பொய் ஒன்றும் இல்லை. அது எதைச் சொல்கிறது என்று நாம்தான் படிக்க வேண்டும். முதல் இலக்கமான 6 தூசிக்கு. இரண்டாவதான 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்ததற்கு. அதுவும் நல்ல தண்ணீரில், பீய்ச்சலோ மோதலோ இல்லாமல். டெக்கின், அதாவது காயக்கின் மேல்மூடியின் மேல் அலை வந்து அறைவது அப்படியா? பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு, அதே இரண்டாவது இலக்கத்தில், 5, 6 என்று தனிச் சோதனை உண்டு. 7-இல் தேறியது அதிலும் தேறியதாக அர்த்தமில்லை. இரண்டிலும் தேறியிருந்தால் ஐ.பி. 66/67 என்று சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். இன்னொன்று, பலகையில் துளையிட்டு மாட்டும் சுவிட்சுகளில் பலவற்றுக்கு அந்த எண் முன்முகத்துக்கு மட்டும்தான். என் சுவிட்ச் செத்தது முதுகுப் பக்கத்தில்.

பேட்டரிப் பெட்டியிலேயே துளைபோட்டு சுவிட்சை மாட்டுகிறவர்கள் வேறொன்றையும் மறந்துவிடுகிறார்கள். மணலில் வெயில் காய்ந்த பெட்டி கடலில் இறங்கியதும் குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, எங்கே மயிரிழை இடைவெளி இருக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவிட்சைச் சுற்றியிருக்கும் வளையம்தான் பெரும்பாலும் அந்த இடம்.

இப்போது நான் வைத்திருப்பது துளையே இல்லாத ஏற்பாடு. டெக்குக்கு உள்பக்கம் ஒரு ரீட் சுவிட்ச்; கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடு, அவ்வளவுதான். டெக்குக்கு மேலே ஒரு காந்தத்தை நகர்த்தினால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலக்கினால் பிரியும். ஃபைபர் டெக் காந்தத்தைத் தடுக்காது. ஆனால் பம்பை நேராக அதில் இணைத்துவிடாதீர்கள். மணிக்கு 500 கேலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் இறைப்பதாகச் சொல்லும் சின்னப் பம்பே இரண்டு மூன்று ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. சிறிய ரீட் அரை ஆம்பியருக்குத்தான் தாங்கும். தகடு பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்கவே நிற்காது. ரீட் ஒரு மாஸ்ஃபெட்டையோ (மின்னணு சுவிட்ச்) ரிலேயையோ (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்கட்டும், அது பம்பை இயக்கட்டும். மாஸ்ஃபெட் என்றால் மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடை (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) தலைகீழாகப் போட வேண்டும். இந்தப் பகுதி முழுவதையும் எபாக்சி என்ற கெட்டியாகும் பிசினை ஊற்றி மூடிவிடுங்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் பசை மட்டும் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும்.

காந்தத்தைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. மூட்டம் போட்ட நாளில் கரை எந்தப் பக்கம் என்று முள் தப்பாகக் காட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் இருக்கைக்குப் பின்னால் வலப்பக்கம் வைத்திருக்கிறேன், கயிற்றில் கட்டி.

தண்ணீர் ஏறினால் தானே பம்பைப் போடும் மிதவை சுவிட்ச் விசைப்படகுக்குச் சரி. காயக்கில் தண்ணீர் முன்னும் பின்னும் அலம்புவதால் அது பம்பைப் போட்டுப் போட்டு அணைக்கும்.

எந்த சுவிட்சாக இருந்தாலும் கடலுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பெட்டிக்குள் டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டு, உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் சட்டென்று அமிழ்த்துங்கள். அரை மணி கழித்துத் திறக்கும்போது காகிதம் ஈரமாக இருந்தால் அந்தப் பெட்டியை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்த இதழிலேயே அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். வாடைக் காற்று கிளம்புவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
படகு வயரிங் செய்யும் வாசகர்,
இராமநாதபுரம் மாவட்டம்