கிளை திறக்கும் முன் ரீமை எடை போடுங்கள்

அலுவலக எழுதுபொருள் தொடர்கடைகளை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வக்கீல் அலுவலகம், ஆடிட்டர் அலுவலகம், பள்ளி, சிறு கம்பெனி என்று பல இடங்களுக்குப் பேப்பரும், லேசர் பிரிண்டருக்கான மைத்தூளான டோனரும் வாங்கிப் போடும் பொறுப்பில் இருப்பவர்கள் நாங்கள். சென்னையில் இதற்கென்று பாரிமுனைக்குப் போய், ஆண்டர்சன் தெருவிலும் பந்தர் தெருவிலும் ஏறி இறங்கிய காலம் உண்டு. இன்று உங்கள் கடைகள் வீட்டுப் பக்கத்திலேயே வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறீர்கள், போன் செய்தால் பொருளை அனுப்புகிறீர்கள். இவ்வளவும் நல்லதே. ஆனால் பாரிமுனைக் கடைக்காரர் கையில் எடுத்ததும் சொல்லிவிடும் விஷயங்கள் உங்கள் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதே காரணம்.

முதலில் பேப்பர். 75 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் 75 கிராம் எடை. ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். ஒரு ரீமில் உள்ள 500 தாளைப் பரப்பினால் 31.185 சதுர மீட்டர் வரும். ஆக, 75 ஜிஎஸ்எம் ரீம் ஒன்று 2.34 கிலோ இருக்க வேண்டும். 70 ஜிஎஸ்எம் என்றால் 2.18 கிலோ, 80 என்றால் ஏறக்குறைய 2.5 கிலோ. மேலுறை கொஞ்சம் கூட்டும். தாளின் எடையும் சில சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் உறையில் 75 என்று அச்சிட்ட ரீம் 2.15 கிலோ காட்டினால், தாள் மெல்லியது, இல்லையென்றால் எண்ணிக்கை குறைவு. இதைக் கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் பெட்டிக்கு ஒரு ரீம் எடை போட்டுக் குறித்து வையுங்கள். ஒரே பெயர் போட்ட ரீம் ஒரு கிளையில் ஒரு எடையும் இன்னொரு கிளையில் வேறு எடையும் இருப்பதுதான் எங்களை அதிகம் வாட்டுகிறது. உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1 முதல் 75 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத ஏ4 தாளில் இருபக்கமும் அச்சிடச் சொல்லியிருக்கிறது. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். வக்கீல் குமாஸ்தா யாருக்குப் பதில் சொல்வார்?

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ரீம் கட்டுகளைத் தரையில் அடுக்கிச் சுவரோடு ஒட்டி வைக்கிறீர்கள். தாள் ஈரம் இழுத்து ஓரம் சுருள்கிறது. பிரிண்டரில் இரண்டு மூன்று தாள் சேர்ந்து இழுத்துச் சிக்குகிறது. பழி பிரிண்டர் மேல் விழுகிறது, மெக்கானிக்குக் கூலியும் போகிறது. மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினாலே பாதி தீரும். உறை கிழிந்த ரீமை டேப் ஒட்டி விற்காதீர்கள். உறையில் அம்புக்குறி இருந்தால் அது முதலில் அச்சிட வேண்டிய பக்கத்தைக் காட்டுகிறது என்பதையும் கேட்பவருக்குச் சொல்லுங்கள்.

அடுத்து டோனர். அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெம்பர்க் 1985-இல் ஜூலை 4 விடுமுறையை ஒட்டி ஒரு பிரிண்டர் ரிப்பன் கிடைக்காமல் அலைந்தார். அந்த எரிச்சலில் பிறந்த யோசனைதான் மறு ஆண்டு பாஸ்டனின் பிரைட்டன் பகுதியில் திறந்த, ஸ்டேப்பிள்ஸ் என்ற எழுதுபொருள் தொடரின் முதல் கடை. சரியான மாடல் கையிருப்பில் இருப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். "ஹெச்பி டோனர்" என்று கேட்டவரிடம் பிரிண்டர் மாடலைக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது தவறு. லேசர்ஜெட் 1020 பிரிண்டருக்கு 12ஏ கார்ட்ரிட்ஜ் (டோனர் அடைத்த பெட்டி); பி1108-க்கும் எம்1136-க்கும் 88ஏ. ஒன்று மற்றதில் பொருந்தாது. 12ஏ சுமார் 2,000 பக்கம், 88ஏ சுமார் 1,500 பக்கம் என்பது பக்கத்தில் 5 சதவீதம் மை படிந்தால் வரும் கணக்கு. கட்டம் போட்ட படிவம் அச்சடிப்பவருக்கு அவ்வளவு வராது. இதை வாங்கும்போதே சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

ரீஃபில் செய்து தரும் கிளைகளுக்கு ஒன்று. பழைய தூள் சேரும் அறையைக் காலி செய்யாமல் புதுத் தூளை மட்டும் நிரப்பினால், கழிவு நிரம்பி வழிந்து தாள் முழுக்கக் கறை படியும். அச்சில் ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இந்தச் சிறிய கார்ட்ரிட்ஜ்களில் சுமார் 75 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் கோளாறு டிரம்மில், அதாவது தூளைத் தாளுக்குக் கொண்டுபோகும் உருளையில். தூள் மாற்றிப் பயனில்லை, டிரம்மை மாற்ற வேண்டும். கார்ட்ரிட்ஜை உறை பிரித்து விளக்கு வெளிச்சத்தில் காட்சிக்கு வைப்பதையும் நிறுத்துங்கள். டிரம்முக்கு வெளிச்சம் ஆகாது.

கடைசியாகப் பில். 2025 செப்டம்பர் 22 முதல் பிரிண்டர் பேப்பருக்கு வரி 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. ரூ.10,000-க்குப் பேப்பர் வாங்கினால் ரூ.1,800 வரி. பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண் ஏறினால்தான் அதை நாங்கள் திரும்ப எடுக்க முடியும். அதனால் ஸ்கேன் செய்யத் தொடங்கும் முன்பே எண்ணைக் கேளுங்கள். பில் போட்ட பிறகு "சிஸ்டத்தில் மாற்ற முடியாது" என்று கையை விரிக்காதீர்கள். மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் கடையாக இருந்தால் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 14-ஆம் தேதி எங்கள் 2பி அறிக்கையில், அதாவது நாங்கள் திரும்ப எடுக்கக்கூடிய வரியைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலில், அது தெரிய வேண்டும். அந்தப் பில்லைத் தெர்மல் தாளில் தராதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட தெர்மல் பில் சில மாதத்திலேயே வெளுத்து வெற்றுத்தாளாகிறது. ஜிஎஸ்டி சட்டமோ ஆண்டறிக்கைக் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்கச் சொல்கிறது. நீங்கள் விற்கும் அதே ஏ4 தாளில் ஒன்றை எடுத்து அச்சடித்துக் கொடுங்கள், இல்லையென்றால் பிடிஎஃப் அனுப்புங்கள்.

புதிய கிளைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு தராசும் ஒரு ஸ்கேலும் கொடுத்து, மேலே சொன்னதை ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லித் தாருங்கள். பழைய கிளைகளில் இதை அடுத்த லோடு இறங்கும் நாளிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கவுண்டருக்கு மாதாமாதம் வரும் அலுவலகக் கொள்முதல்காரர்கள்