வேகமா ஊதுனா மூளைக்கு ரத்தம் குறையும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வந்த உடல்நலக் குறிப்புல, மூளைக்கு ஆக்சிஜன் நெறைய போகணும்னா வேகவேகமா மூச்சை இழுத்து விடுங்கன்னு போட்டிருந்தீங்க. எங்க ஊர்ப் பொடியனுங்க அதைப் படிச்சிட்டு கடல்ல எறங்குனா என்னாகும்னுதான் எனக்குப் பதறுது. நாங்க பாம்பன் பக்கம் சின்னப்பாலம், எங்கம்மா முப்பது வருசமா விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு கால்ல அலுமினியத் தட்டைக் கட்டிக்கிட்டு கடல்பாசி எடுக்க முங்குறவங்க, நானும் சின்ன வயசுல சங்குக்கு முங்கிருக்கேன்.

17 வயசுல ஒருநா வத்தையை, அதான் எங்க சின்னப் படகைப் பிடிச்சுக்கிட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு இருவது முப்பது தடவை ஊதுனேன், தலை கிறுகிறுன்னுச்சு, விரல் நுனியெல்லாம் மரத்த மாதிரி ஆச்சு, சரி காத்து நல்லா ஏறிருச்சுன்னு நெனச்சு உள்ள போயிட்டேன். கீழ மூச்சே முட்டல, அதான் கூத்து. மேல வரும்போது வெளிச்சம் தெரிஞ்ச வரைக்கும்தான் ஞாபகம், மச்சான்தான் முடியைப் பிடிச்சு இழுத்து வத்தைல போட்டாராம்.

பின்னாடி நர்சிங் படிக்கும்போதுதான் வெவரம் புரிஞ்சுச்சு. சும்மா இருக்கும்போதே நம்ம ரத்தத்துல ஆக்சிஜன் 97, 98 சதவீதம் நெறஞ்சுதான் இருக்கு, ஊதி ஊதி ரொப்புறதுக்கு அங்க எடமே கெடையாது. ஊதுனா வெளிய போறது கார்பன் டை ஆக்சைடு. அது கொறஞ்சா மூளை ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிரும், ரத்த ஓட்டம் கொறையும், அந்தக் கிறுகிறுப்பே அதுதான். உடம்பு எடையில 2 சதவீதம் இருக்கிற மூளை மொத்த ஆக்சிஜன்ல 20 சதவீதத்தைத் தின்னுது, அதுக்கு ரத்தத்தைக் கொறச்சா என்னாகும் சொல்லுங்க. ஆக்சிஜன் கொறஞ்சாலும் மூளைக் குழாய் விரியும்தான், ஆனா அது ரொம்ப எறங்குன பெறகுதான் பெருசா விரியும், ஆக்சிமீட்டர் 90க்குக் கீழ காட்டுற மாதிரி.

இதைவிட மோசம், மூச்சு முட்டுதுன்னு நமக்கு அலாரம் அடிக்கிறதே பெரும்பாலும் அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். கொரோனா நேரத்துல ஆக்சிஜன் 80க்குக் கீழ போயும் சிலர் சாதாரணமா போன் பேசிட்டு இருந்தாங்கள்ல, அவங்களுக்கும் கார்பன் டை ஆக்சைடு ஏறாம இருந்ததுதான் ஒரு காரணம். ஊதிட்டு முங்குறவன் அந்த அலாரத்தை அவனே அமத்திட்டுப் போறான். 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு, அதனால நெஞ்சுல மிச்சமிருக்கிற ஆக்சிஜன் கீழ போதும் போலத் தெரியும், மேல வரவர அந்த அழுத்தம் பாதியாயிரும், அதோட ரத்தத்துக்குக் கெடைக்கிற ஆக்சிஜனும் சட்டுனு எறங்கிரும், கரை கண்ணுல படுற நேரத்துல நெனவு தப்பும்.

அம்மா ரெண்டே மூச்சு, அதுவும் மெதுவா எடுத்துட்டுத்தான் முங்குவாங்க, ஒவ்வொரு முங்குக்கும் நடுவுல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெத்தலை போடுற நேரம் மெதப்பாங்க. அவங்களுக்கு யாரும் இதையெல்லாம் சொல்லிக் குடுக்கல.

எங்க வாடியில, அதான் கரையோரக் கொட்டகையில, வாங்குறது ஒரே ஒரு பேப்பர், உங்களுதுதான், அதையும் எல்லாரும் அந்தக் குறிப்பு வர்ற பக்கத்துலேர்ந்துதான் படிப்பாங்க. அதனால திருத்தத்தை உள்பக்கத்து மூலையில போடாம அதே எடத்துல, அதே எழுத்துல போடுங்கய்யா.

இப்படிக்கு,
பாசிக்காரம்மா மகன்,
சின்னப்பாலம், பாம்பன்