ஒரே ஊசியில் இதயம் சரியாகிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் 'மாரடைப்பால் பழுதான இதயம் ஒரே ஊசியில் சரியாகும்' என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். கட்டுரை சொல்லும் ஆராய்ச்சி அருமையானது. தலைப்புதான் தவறு.

அமெரிக்காவில் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேரன் கிறிஸ்ட்மன் குழு உருவாக்கிய வென்ட்ரிஜெல் என்ற ஊசிக் கூழைப் பற்றியது அது. பன்றியின் இதயத் தசையிலிருந்து செல்களைக் கழுவி நீக்கிவிட்டு, மிஞ்சும் புரதச் சட்டகத்தைப் பொடித்து, நொதி சேர்த்துக் கரைக்கிறார்கள். வெளியே திரவமாக இருப்பது உடல் சூட்டில் கூழாக இறுகும். அதைப் பிடிமானமாகக் கொண்டு நம் உடலின் செல்களே உள்ளே வந்து குடியேறும் என்பது எதிர்பார்ப்பு. கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, இதயச் சுவரில் ஒருவருக்கு 18 ஊசிகள் வரை போட்டார்கள். ஆக, 'ஒரே ஊசி' என்பதே சரியில்லை.

2019-ல் வெளியான அந்த முதல் மனிதப் பரிசோதனையில் பங்கேற்றவர்கள் 15 பேர். சிகிச்சை பாதுகாப்பானதா என்று பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத ஒரு குழு கிடையாது. நோயாளிகள் முன்பைவிடக் கூடுதல் தூரம் நடந்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் அது கூழின் பலன் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இதே துறையில் இன்னொரு கூழின் கதையையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டால் செய்தது, விலங்குகளில் நல்ல பலன் தந்தது. மாரடைப்பு வந்த சில நாட்களுக்குள் இதய ரத்தக்குழாய் வழியே செலுத்தி, சுமார் 300 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கூழ் பெற்றவர்களின் இதயம் பெறாதவர்களுடையதைவிட மேலாக இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்திருக்கும் என் பெரியப்பா உங்கள் தலைப்பைப் படித்துவிட்டு, "அப்போ இந்த மாத்திரையை எல்லாம் நிறுத்திடலாமா?" என்று கேட்டார். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். அவர் கேட்டுவிட்டார், சரி. கேட்காமலே நிறுத்துபவர்கள்?

அடுத்த இதழில், இந்தச் சிகிச்சை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது என்றும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் போடுங்கள். நெஞ்சுவலி வந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடைப்பைச் சீக்கிரம் திறந்தால்தான் தசை பிழைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்