மதில் மேல் வில்லாளிக்கு ஓர் இடம் கொடுங்கள்

கணினியில் ஆடும் வியூக விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். 1999-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-ஐ இன்றும் வாரக் கடைசியில் நண்பர்களோடு ஆடுகிறேன். அதில் எவ்வளவு கல்லைச் செலவழித்து மதில் எழுப்பினாலும் அதன் மேல் ஒரு வில்லாளிகூட ஏற முடியாது. மதிலுக்குப் பின்னால் தரையில் நின்றுதான் அம்பு விடுவான். வெளியே நிற்கும் எதிரி வில்லாளியும் மதிலுக்கு மேலாகவே அவனை அடிப்பான். அம்பைப் பொறுத்தவரை அந்த மதில் இருந்தும் இல்லாத மாதிரிதான். 2001-இல் வந்த 'ஸ்ட்ராங்ஹோல்ட்' வில்லாளிகளை மதில் மேல் ஏற்றியது. அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. பல விளையாட்டுகளில் மறைப்பு என்பது வெறும் ஒரு எண். மதிலில் நின்றால் பாதுகாப்பு இத்தனை சதவீதம் கூடும், அவ்வளவுதான். எந்தத் திசையிலிருந்து அம்பு வந்தாலும் அதே கணக்கு.

வீட்டுக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து, இடுக்கில் கண்ணை வைத்துப் பாருங்கள். தெருவில் பாதி தெரியும். தெருவில் நிற்பவருக்கோ ஒரு கறுப்புக் கோடுதான் தெரியும். கோட்டையின் அம்புத்துளை வேலை செய்வதும் இப்படித்தான். வெளிப்பக்கம் ஒடுக்கமாகவும் உட்பக்கம் அகலமாகவும் கல்லைச் செதுக்குவார்கள். உள்ளே இருப்பவன் இடமும் வலமும் நகர்ந்து குறிவைக்கலாம்; வெளியிலிருந்து அவனை அடிப்பது மிகக் கடினம். 1283-இல் கட்டத் தொடங்கிய வேல்ஸின் கார்னார்வன் கோட்டையில் ஒரே துளை வழியாகப் பலர் வெவ்வேறு கோணத்தில் எய்யும் அமைப்புகூட உண்டு. வில்லாளி மறைந்து நின்று எய்யும் இந்த மதிலுறுப்புக்குப் பழந்தமிழில் ஞாயில், ஏவறை என்று தனிப் பெயர்களே இருக்கின்றன.

இந்த மறைப்புக்கு விலையும் உண்டு. துளைக்குப் பின்னால் நிற்பவனுக்குப் பக்கவாட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாது. மதிலடியில் ஒட்டி நிற்பவனை அவனால் தொடவே முடியாது. அதனால்தான் கொத்தளங்களை மதிலிலிருந்து வெளியே துருத்திக் கட்டினார்கள்: அங்கிருந்து மதிலின் முகத்தை ஒட்டியே அம்பு விடலாம், மதிலடியில் பதுங்கியவனுக்கு ஒளிய இடமிருக்காது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-இல் 'மர்டர் ஹோல்ஸ்' (கொலைத் துளைகள்) என்ற ஆய்வை, அதாவது ஆட்டத்துக்குள் செலவழித்து வாங்கும் மேம்பாட்டை, முடிக்கும்வரை கோபுரத்தின் காலடியில் நிற்கும் எதிரியைக் கோபுரத்தால் அடிக்க முடியாது. அந்தச் சின்ன விதி அருமையானது. அதை ஒரு ஆய்வோடு முடித்துவிடாமல், கொத்தளத்தை எங்கே வைக்கிறேன் என்பதைப் பொறுத்து அமைத்தால் கோட்டை கட்டுவதே ஒரு தனி ஆட்டமாகிவிடும்.

அப்புறம், இடிவது. விளையாட்டுகளில் ஒரு கட்டடம் எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர் எண் பூஜ்யத்தைத் தொட்டதும் மொத்தமும் மண்ணாகிப் போகிறது. 1215-இல் இங்கிலாந்தின் ரோசெஸ்டர் கோட்டையை ஜான் மன்னர் முற்றுகையிட்டபோது நடந்ததே வேறு. அடியில் சுரங்கம் தோண்டி, மரமுட்டுகளோடு நாற்பது பன்றிகளின் கொழுப்பையும் சேர்த்து எரித்து, உயர்ந்த கோபுரத்தின் ஒரு மூலையைச் சரித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சரணடையவில்லை. கோபுரத்தை இரண்டாகப் பிரித்த நடுச்சுவருக்குப் பின்னால் போய் நின்று சண்டையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் அவர்களைப் பணிய வைத்தது பசி. சரிந்த மூலையைப் பிறகு வட்டமாகக் கட்டினார்கள். இன்று போய்ப் பார்த்தாலும் மூன்று மூலை சதுரம், ஒன்று மட்டும் வட்டம்.

இப்படி ஒரு முற்றுகையை நான் ஆட வேண்டும். மதிலில் ஒரு பக்கம் உடைந்தால் அந்தப் பக்கத்து வில்லாளிகள் மட்டும் மறைப்பை இழக்கட்டும். மற்றவர்கள் உள்மதிலுக்கு ஓடட்டும். ஓடும் அந்த நேரத்தில் அவர்களுக்கு எந்த மறைப்பும் இருக்க வேண்டாம். எதிரி மதிலேறிவிட்டால் அதே மதில் உட்பக்கம் திறந்து கிடக்கட்டும், உள்கோட்டையில் நிற்கும் என் ஆட்கள் அவனை அடிக்க. படிக்கட்டு எங்கே வர வேண்டும் என்பதையும் எங்களிடமே விடுங்கள். ஒரே படிக்கட்டு வைத்து, அது எதிரி கையில் போய், மேலே நிற்கும் முப்பது வில்லாளிகளும் இறங்க வழியின்றி மாட்டிக்கொண்டால் அது என் தப்பு. அந்தத் தப்பைச் செய்ய எனக்கு இடம் கொடுங்கள்.

அன்புடன்,
கால் நூற்றாண்டாகக் கோட்டை கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆட்டக்காரன்