பதினைந்து பேரை வாங்கிக்கொள்ளும் முன்

அன்புள்ள மகளுக்கு,

ஆறு அணிகளும் தத்தம் ஸ்பிரிண்டை, அதாவது இரண்டு வார வேலைச் சுற்றை, நேரத்துக்கு முடித்தும் மென்பொருள் மட்டும் வெளியே போகாமல் நிற்கிறது என்றும், இன்னும் பதினைந்து பேரைத் தருவதாக மேலதிகாரி சொல்கிறார் என்றும் ஞாயிறன்று பேசியபோது கூறினாய். அவர்களை வாங்கிக்கொள்ளும் முன் இதைப் படித்துவிடு.

தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று, ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். பத்துப் பேரில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 45. அறுபது பேரில் அது 1,770. ஸ்பிரிண்டுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டி ஓர் அணிக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்பது இதனால்தான்.

ஆனால் அணியைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது. 1998-இல் நான் இருந்த நிறுவனத்தில் நான்கு குழுக்கள் எட்டு மாதம் தனித்தனியே நிரல் எழுதி, கடைசி மாதத்தை அவற்றை இணைப்பதற்கென்று ஒதுக்கியிருந்தோம். சரக்குக் குழு தேதியை நாள், மாதம் என்ற வரிசையில் அனுப்ப, பில் குழு மாதம், நாள் என்று படித்தது. மார்ச் 5 மே 3 ஆகிப் பேசாமல் உள்ளே போயிற்று. 12-ஆம் தேதி வரை எவருக்கும் தெரியவில்லை, பதின்மூன்றாம் மாதம் கிடையாதாகையால் 13-ஆம் தேதிதான் நிரல் நின்றது. இதைப் போல இன்னும் பல கிளம்பி, ஒரு மாத வேலை நான்கு மாதமாயிற்று. உன் பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் வராமல் போனது அப்போதுதான்.

கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறை, நிரலை ஒரு நாளைக்குப் பலமுறை இணைத்துச் சோதிக்கச் சொல்வது இந்த நோய்க்குத்தான். அது இருந்திருந்தால் அந்தத் தேதிப் பிழை முதல் வாரத்திலேயே சிக்கியிருக்கும்.

உன் அணிகளோ திரை, சேவை, தரவுத்தளம் என்று அடுக்குவாரியாகப் பிரிந்திருக்கின்றன. அப்படியானால் வாடிக்கையாளர் கேட்கும் ஒரே அம்சம் மூன்று அணிகளின் வரிசையில் காத்திருந்து, இரண்டு வார ஸ்பிரிண்டுகளில் ஆறு வாரம் தின்றுவிடும். ஒவ்வோர் அணியின் பலகையிலும் ‘முடிந்தது’ என்றே இருக்கும். கிரேக் லார்மனும் பாஸ் வொடேயும் பல அணிகள் சேர்ந்து ஒரே மென்பொருளைச் செய்வதற்கென்று வகுத்த லெஸ் முறை, ஓர் அம்சத்தை அடியிலிருந்து நுனிவரை செய்யக்கூடிய அணிகளையே கேட்கிறது. சுவர் கொள்ளாத வரைபடங்களோடு வரும் மற்ற முறைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

எனவே ஆறையும் ஒரேயடியாகக் கலைக்காதே. மூன்று அடுக்கிலிருந்தும் ஆட்களை எடுத்து ஓர் அணி அமைத்து, ஓர் அம்சத்தை மட்டும் கொடு. பதினைந்து பேருக்குப் பதில், தினசரி இணைப்பையும் தானியங்கிச் சோதனையையும் பார்த்துக்கொள்ள இருவரைக் கேள். இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
அம்மா