பை போதும், ஆள் அனுப்புங்கள்

ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் அறக்கட்டளைகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். நீங்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் பல வருடங்களாக நிற்கிறேன். உங்களுக்கு வரும் நன்றிக் கடிதங்களில் சில நான் எழுதியவையாகக்கூட இருக்கலாம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். இந்தக் கடிதத்தை யாரும் சொல்லி எழுதவில்லை.

போன வருடம் ஒரு நிறுவனத்தார் வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை கொடுத்தார்கள். நல்ல பைதான், குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்தும் ஜிப் வேலை செய்தது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வாங்கும்போது சிரிக்கவில்லை என்று பையைத் திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்துப் படம் எடுத்தார்கள். இரண்டாம் முறை சிரித்தான். பையின் மேல் நிறுவனத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை வாசிக்க அவனுக்குத் தெரியாது.

புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதலில் படத்தைப் பார்ப்பான், பிறகு முதல் எழுத்தைப் பார்ப்பான், மீதியை ஊகித்துவிடுவான். ‘மரங்கொத்தி’ என்று இருந்தால் ‘மரம்’ என்பான். ‘கொ’ வந்தால் அந்தக் கொம்பும் காலும் சேர்ந்து அவனை நிறுத்திவிடும். ஆனால் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து ஒரு பிழை இல்லாமல் நோட்டில் எழுதுவான். எழுதுவது என்று நாம்தான் சொல்கிறோம், அவனுக்கு அது படம் வரைவது. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உங்கள் ஆட்கள் ‘வெரி குட்’ போட்டுவிட்டுப் போனார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அவனோடு மட்டும் உட்கார எனக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு ஒரு நிமிடம், அதுவும் நல்ல நாளில்.

அவன் ஒருவன் கதை இல்லை இது. வருமானம் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு எளிய பத்தி ஒன்றை வாசித்துப் புரிந்துகொள்ள வரவில்லை என்பது உலக வங்கியின் 2022 மதிப்பீடு. இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கு வராதவர்கள் இல்லை. தினமும் வந்து, நம் கண் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்.

பொருள் கொடுத்தால் படிப்பு வந்துவிடுமா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1990-களில் மேற்கு கென்யாவில் ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்தது. சராசரி மதிப்பெண் ஏறவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டும் பயன் கிடைத்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. பெரு நாட்டில் பிள்ளைக்கொரு லேப்டாப் என்று கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு செய்தது வேறு. அக்கம்பக்கத்தில் பள்ளிப்படிப்பு முடித்த பெண்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தினமும் இரண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்து அடிப்படையைச் சொல்லித்தரச் சொன்னது. ‘பால்சகி’ என்று பெயர். மதிப்பெண் நன்றாகவே ஏறியது, அதுவும் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். இந்தச் சோதனையையும் கென்யாவில் நடந்ததையும் ஆராய்ந்தவர்களில் மூவர் 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். எனக்கென்னவோ பாதிப் பரிசு அந்தப் பெண்களுக்குப் போயிருக்கலாம் என்று தோன்றும்.

அப்படி ஓர் அக்கா எங்களுக்கும் வந்தாள். வேறொரு நிறுவனம் அனுப்பியது. தினமும் ஒரு மணி நேரம் வராந்தாவில் எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எழுத்தட்டைகளோடு உட்கார்ந்திருப்பாள். எட்டு மாதத்தில் ஐந்து பேர் வாசித்தார்கள். அதன் பிறகு ‘திட்டக் காலம் முடிந்தது’ என்று ஒரு மெயில். பள்ளி ஆண்டு முடியக்கூட இல்லை. ‘அக்கா எப்ப வருவாங்க?’ என்று மிச்சம் மூன்று பேர் இரண்டு வாரம் கேட்டார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். விசாரித்ததில் தெரிந்தது, சம்பளத்துக்குப் பணம் தர யாரும் முன்வரவில்லையாம். பைக்கு வருகிறார்கள், பெஞ்சுக்கு வருகிறார்கள், பெயர்ப்பலகை மாட்ட இடம் இருந்தால் கட்டடத்துக்கும் வருகிறார்கள். அக்காவின் சம்பளத்தை மட்டும் ‘நிர்வாகச் செலவு’ கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். ‘உங்கள் நன்கொடை முழுவதும் பிள்ளைகளுக்கே’ என்று துண்டறிக்கையில் பெருமையாகப் போடுகிறீர்களே, பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தருபவளின் சம்பளம் பிள்ளைக்குப் போகாமல் வேறு யாருக்குப் போகிறது?

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1985-இல் 22 ஒற்றை அறைப் பள்ளிகளோடு தொடங்கியது. முப்பது சொச்சம் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை. தொடக்கப் பள்ளி முடியும்வரை அதே ஆசிரியை. அந்த ‘அதே’ என்ற சொல்லைத்தான் உங்களிடம் கேட்கிறேன். நூறு பள்ளிக்கு ஒரு நாள் போவதை விட்டுவிட்டு, பத்துப் பள்ளிக்கு ஐந்து வருடம் வாருங்கள்.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியதாயிற்றே என்பீர்கள். உண்மைதான். தொடக்கக் கல்வியை இலவசமாகத் தருவது அரசின் கடமை என்று 1989-இன் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையே சொல்கிறது. கழிப்பறைக்குக் கதவு போடுவதுபோன்ற வேலையை நீங்களே சத்தமில்லாமல் செய்து கொடுத்துவிட்டால், செய்ய வேண்டியவர்களைக் கேட்பதற்கு எங்களுக்கும் வாய் இல்லாமல் போகிறது. ஆனால் முதலில் செய்து காட்ட ஒருவர் வேண்டும். இங்கிலாந்தில் கந்தல் உடுத்திய பிள்ளைகளுக்காகத் தர்மவான்கள் நடத்திய இலவசப் பள்ளிகள் 1844-இல் ஒரு சங்கமாகவே சேர்ந்தன. 1870-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்து, பொதுப்பணத்தில் பள்ளிகள் எழுந்த பிறகு அவை மெல்ல மெல்ல மூடப்பட்டன. நான் அதைத் தோல்வி என்று நினைக்கவில்லை.

கொடுக்கும் முன் ஒரு தடவை பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். பிரதம் நடத்தும் ‘ஏசர்’ கணக்கெடுப்பில் 2005-இலிருந்து தன்னார்வலர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்வது இதைத்தான்: சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும்.

அடுத்த முறை சொல்லாமல் வாருங்கள். சொல்லிவிட்டு வந்தால் வரவேற்புப் பாட்டுக்கு ஒத்திகை பார்ப்போம், நான்கு நாள் பாடம் போய்விடும். வந்து கடைசி வரிசையில் உட்காருங்கள். அந்தப் பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு, பை இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், ‘கொ’ வந்தால் கொஞ்சம் நிற்பான்.

இப்படிக்கு,
ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை