கடலுயிர்கள் உண்ணும் விதத்தைக் கரையில் வைத்துக் கற்பிக்க வழிவிடுங்கள்: கிழக்கு மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், திருகோணமலை மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், விஞ்ஞான பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியைகளில் ஒருத்தியாக இம்மடலை எழுதுகிறேன். முள்ளந்தண்டில்லாத கடல் விலங்குகளைப் பற்றிய பாடத்தை, அவை எவ்வாறு உண்கின்றன என்ற கேள்வியிலிருந்து தொடங்கிக் கற்பிப்பதற்கும், அதன் ஒரு பகுதியையேனும் கடற்கரையில் வைத்து நடத்துவதற்கும் எமது மாவட்டப் பாடசாலைகளுக்குத் தெளிவான அனுமதியும் ஊக்கமும் தரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். பாடத்திட்டத்தை வகுப்பது தேசிய கல்வி நிறுவகத்தின் பணி என்பதை நான் அறிவேன். அதில் ஒரு வரியையும் மாற்றும்படி கேட்கவில்லை. அந்தப் பாடத்தை எந்த ஒழுங்கில், எந்த இடத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு கற்பிக்கலாம் என்பது மாகாணமும் வலயங்களும் வழிகாட்டக்கூடிய விடயம் என்பதாலேயே உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போது இந்தப் பாடம் பெரும்பாலும் அட்டவணையாகவே நடக்கிறது. கணத்தின் பெயர், சமச்சீர், உடற்குழி உண்டா இல்லையா, துண்டுபட்ட உடலா இல்லையா என்று நிரல்கள் நிரப்பப்படுகின்றன; ஆய்வுகூடத்தில் போமலின் போத்தலுக்குள் வெளிறிப்போன ஒரு நட்சத்திர மீன் காட்டப்படுகிறது. நத்தை, மட்டி முதலிய மொலஸ்காக்களுக்கு வறுகி (நுண்பற்கள் நிறைந்த நாக்குப் போன்ற உறுப்பு) உண்டு என்று பிழையின்றி எழுதும் மாணவி, அந்த வறுகியால் நத்தை என்ன செய்கிறது என்று கேட்டால் மௌனமாகிவிடுகிறாள். அவளுடைய தந்தை கடற்றொழிலாளியாகவும் இருக்கலாம். இதில் மாணவியின் குறை எதுவும் இல்லை. உறுப்புகளைப் பெயராக மட்டும் கொடுத்துவிட்டு, அவை எதற்காக அப்படி அமைந்தன என்பதை நாம் சொல்லாமல் விடுகிறோம். ஓரிடத்தில் ஒட்டியிருக்கும் கடல் அனிமனிக்கு இரை எந்தத் திசையிலிருந்தும் வரக்கூடும்; ஆகையால் அதன் பரிசக்கொம்புகள் வாயைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன. இரையைத் தேடி முன்னோக்கி நகரும் விலங்குக்கு வாயும் புலனுறுப்புகளும் முன்புறத்தில் திரண்டு தலையாகின்றன. உணவைக் கொண்டு விளக்கினால், ஆரைச் சமச்சீரும் இருபக்கச் சமச்சீரும் மனனம் செய்யவேண்டிய சொற்களாக இல்லாமல் காரணத்தோடு மனத்தில் நிற்கும்.

ஒல்லாந்தர் குடாப் பக்கத்துப் பாறைகளிலும், வள்ளங்களின் அடியிலும், பாலங்களின் தூண்களிலும் வெண்சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஒட்டிக்கிடக்கும் கொட்டலசை எடுத்துக்கொள்வோம். அதைக் கல்லின் ஒரு பகுதி என்றே பலர் நினைக்கிறார்கள். கொட்டலசு ஒட்டிய சிறு கல் ஒன்றைப் புதிய கடல்நீர் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, அசைக்காமல் சற்று நேரம் காத்திருந்தால், உச்சியிலுள்ள சிறு கதவுத் தகடுகள் விலகும், உள்ளிருந்து இறகு போன்ற கால்கள் விரிந்து, நீரை ஒருமுறை வாரி, மடங்கி உள்ளே போகும், மீண்டும் வரும். ஆறு சோடிக் கால்கள். தலைப்புறத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் நீரை வடித்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களான பிளாந்தன்களை வாய்க்குத் தள்ளி உண்ணும் இந்த விலங்கு இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. ஓட்டைப் பார்த்து நீண்டகாலம் இதை மொலஸ்காக்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1830 இல் ஜோன் வோன் தொம்சன் அதன் குடம்பி நிலையைக் கவனித்து எழுதிய பின்னரே அது இறாலும் நண்டும் அடங்கிய கிரஸ்டேசியா வகுப்புக்கு உரியது என்பது தெளிவாயிற்று. சார்ள்ஸ் டார்வின் 1846 முதல் 1854 வரையான எட்டு ஆண்டுகளை இந்த உயிர்களை ஆராய்வதிலேயே செலவிட்டார். கால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை வீசுகிறது என்று மாணவர்கள் எண்ணலாம். நீரைச் சற்றுக் கலக்கிவிட்டு மீண்டும் எண்ணலாம். நிழலிலும் வெயிலிலும் எண்ணி ஒப்பிடலாம். கடிகாரத்தைத் தவிர வேறு உபகரணம் எதுவும் தேவையில்லை.

மட்டிகளைக் கொண்டும் இதுபோல் எளிதாகச் செய்யலாம். பச்சை பாய்ந்த கடல்நீரை இரண்டு கண்ணாடிச் சாடிகளில் சம அளவில் எடுத்து, ஒன்றில் உயிருள்ள மட்டிகளையும் மற்றதில் வெறும் ஓடுகளையும் இடவேண்டும். பாடவேளை முடிவதற்குள் மட்டிகள் உள்ள சாடி தெளியத் தொடங்குவதைப் பின்வரிசையில் இருப்பவரும் காணலாம். மீனைப் போலவே மட்டிக்கும் பூ, அதாவது நீரில் சுவாசிக்கும் உறுப்பு, உண்டு. ஆனால் மட்டியின் பூ சுவாசத்தோடு நின்றுவிடுவதில்லை. அதன் மேலுள்ள பிசிர்கள் நீரை உள்ளிழுக்கின்றன. சீதத்தில் சிக்கும் நுண்ணுயிர்கள் வாயை நோக்கிக் கொண்டுசெல்லப்படுகின்றன. வேண்டாத மண் துகள்கள் சீதத்தில் உருட்டப்பட்டு வெளியே தள்ளப்படுகின்றன. சாடியின் அடியில் நூல் நூலாகப் படியும் கழிவில் ஒரு பகுதி, மட்டி உண்ணாமலே ஒதுக்கியது. அதாவது மட்டி உணவைத் தெரிந்தெடுக்கிறது. இதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, மகாவலி கொண்டுவரும் வண்டல் சேரும் கொட்டியாரக் குடாவில் மட்டிகளின் பங்கு என்ன என்பதையும், அசுத்தமான நீரில் எடுத்த மட்டியை உண்பது ஏன் ஆபத்து என்பதையும் நீண்ட விளக்கமின்றிச் சொல்லிவிடலாம். தம்பலகாமம் குடாவின் சேற்றில் வாழ்ந்த, கண்ணாடி போன்ற மெல்லிய ஓடுடைய சிப்பியை முத்துக்காக அள்ளிய வரலாறும், அதை ஆராயக் கடலுயிரியலாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கு வந்து சென்ற செய்தியும் இந்தப் பாடத்தோடு சேரவேண்டியவை. நம் பிள்ளைகளுக்கு நம்முடைய குடாவைப் பற்றிய உயிரியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

உப்புவெளிக் கரையில் சிறுவர்கள் மாலை கோக்கப் பொறுக்கும் ஓடுகளில், ஊசி கொண்டு துளைக்கத் தேவையில்லாதபடி ஏற்கெனவே வட்டமாகத் துளைபட்டவை சில இருக்கும். அந்தத் துளையைக் கைவில்லையால் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு வெளிப்புறத்தில் அகன்று உள்ளே ஒடுங்கிச் சரிவாக இருந்தால், அது பெரும்பாலும் மணலுக்குள் வாழும் உருண்டை நத்தை ஒன்றின் வேலை. சுவர் நேராக இறங்கியிருந்தால் பெரும்பாலும் பாறைகளில் வாழும் வேறொரு வகை நத்தையின் வேலை. மணல்வாழ் நத்தை மட்டியைத் தன் பாதத்தால் மூடிப் பிடித்து, அமிலம் சுரந்து ஓட்டை இளக்கி, வறுகியால் சுரண்டி, மறுபடியும் அமிலம் சுரந்து, பல மணிநேரம் பொறுமையாகத் துளைத்தபின், உறிஞ்சியை உள்ளே விட்டுச் சதையை உண்கிறது. வகுப்பு சேர்த்த ஓடுகளில் எத்தனை துளைபட்டவை, துளை ஓட்டின் எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது என்று பிள்ளைகள் குறிப்பேட்டில் பதிந்தால், உயிரியலும் புள்ளிவிபரமும் ஒரே மேசையில் நடக்கும். பாறையில் கூம்பு ஓட்டோடு ஒட்டியிருந்து அல்காக்களை (பாசிகளை) சுரண்டும் சிறு நத்தையின் வறுகிப் பற்கள், அதுவரை அளக்கப்பட்ட உயிரியற் பொருள்கள் அனைத்திலும் வலிமை மிக்கவை என்று 2015 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கோயிலில் ஊதும் சங்கு, உயிரோடிருந்த காலத்தில் மணலுக்குள் புழுக்களைத் தேடித் தின்ற நத்தை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

கடல் அட்டையை நம் மாவட்டத்தில் பலர் தொழிலாக அறிவார்கள். அது என்ன உண்கிறது என்பதைக் குறைவாகவே அறிவோம். வாயைச் சுற்றியுள்ள பரிசக்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கி, அதிலுள்ள சேதனப் பொருளையும் பற்றீரியாக்களையும் சமித்து, மணலை வெளியேற்றுகிறது. அவுஸ்திரேலியாவின் ஹெரன் தீவுப் பவளத்திட்டில் ஏறத்தாழ 30 இலட்சம் அட்டைகள் ஆண்டொன்றுக்கு 64,000 தொன்னுக்கு மேற்பட்ட மணலை இவ்வாறு உட்கொண்டு வெளியேற்றுவதாக 2021 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. புறாத்தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்கள் (பவளங்கள்) வெளிறுவதையும் போசணையின் வழியாகவே விளக்கவேண்டும். முருகை தன் உணவின் பெரும்பகுதியைத் தன் இழையங்களுக்குள் வாழும் அல்காக்களிடமிருந்து பெறுகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அந்த அல்காக்களை இழக்கிறது. வெளிறிய முருகை பட்டினி கிடக்கும் முருகை என்று ஒருமுறை சொன்னால் மாணவர் மறப்பதில்லை.

இடமும் காலமும் பற்றிச் சொல்லவேண்டும். இலங்கையில் வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. பிறநாட்டுப் புத்தகங்களின் படங்களில் வருவது போல் நீர் வெகுதூரம் வற்றி, பாறைக் குட்டைகள் பரந்து கிடப்பதை இங்கே எதிர்பார்க்கமுடியாது. நமக்குக் கிடைப்பது பாறையில் ஒடுங்கிய ஒரு பட்டி, மணற்கரை, கண்டல் சேறு ஆகியவையே. இவை போதும். திருகோணமலை வலயத்துக்கு நகரக் கரைப் பாறைகளும், கிண்ணியா, மூதூர் வலயங்களுக்குக் குடாக்களின் சேற்றுக்கரைகளும் பொருத்தமானவை. அந்தச் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டு சிறிய கொடுக்கினால் மாத்திரம் சேற்றை வாய்க்கு எடுப்பதைக் கரையில் அமர்ந்தபடியே பார்க்கலாம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கரைக்கு மாணவரை அழைத்துச் செல்லக்கூடாது. சித்திரை முதல் ஆவணி வரை கடல் அமைதியாக இருக்கும். அதிலும் காலை வேளையே நல்லது.

பாதுகாப்புக் குறித்த உங்கள் தயக்கம் நியாயமானது. முழங்காலுக்கு மேல் நீரில் எவரும் இறங்கக்கூடாது. காலணி இன்றிப் பாறையில் நடக்கக்கூடாது. கூம்பு வடிவச் சங்குகளின் நஞ்சு மனிதரைக் கொல்லவல்லது என்பதால் உயிருள்ள நத்தை எதையும் மாணவர் கையால் எடுக்கக்கூடாது. பார்த்த உயிரை எடுத்த இடத்திலேயே, கல்லைப் புரட்டியிருந்தால் அதைப் பழையபடி வைத்து, விடவேண்டும். புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் அங்கிருந்து ஓர் ஓட்டையும் எடுத்துவரக்கூடாது. அங்கு போகாமலே இந்தப் பாடத்தை நடத்தலாம் என்பதே என் கருத்து.

கிண்ணியாவில் மட்டி எடுக்கும் பெண்களும், அட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுபவர்களும் இந்த உயிர்கள் எங்கே, எப்போது கிடைக்கும், எதைத் தின்னும் என்பதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். அவர்களில் ஒருவரை வளவாளராக அழைத்துப் பேசவைக்கவும், அதற்குரிய சிறு கொடுப்பனவை வழங்கவும் பாடசாலைக்கு அதிகாரம் வேண்டும். தம் தாயோ தந்தையோ வகுப்பின் முன் நின்று கடலைப் பற்றிக் கற்பிப்பதைக் காணும் பிள்ளைகளின் முகத்தை நான் மனதில் வைத்தே இதைக் கேட்கிறேன்.

ஆகவே, கரைப் பாடத்தைக் களச் சுற்றுலாவாகக் கருதி நீண்ட அனுமதி நடைமுறைக்கு உட்படுத்தாமல், பாடசாலைக்கு அண்மித்த கரைக்கு அதிபரின் ஒப்புதலோடும் பெற்றோரின் சம்மதத்தோடும் போகலாம் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள். மாணவர் கரையில் எழுதும் அவதானக் குறிப்புகளைப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆசிரிய ஆலோசகர்கள் ஆண்டின் முதலாந் தவணையில் ஒருநாள் செயலமர்வை ஆய்வுகூடத்தில் அல்லாது கரையில் நடத்தட்டும். சுற்றறிக்கை மாசி மாதத்துக்குள் பாடசாலைகளுக்குக் கிடைத்தால், சித்திரை விடுமுறை முடிந்து இரண்டாந் தவணை தொடங்கியதும் பாடத்தைக் கரைக்குக் கொண்டுபோகலாம். கொட்டலசு, மட்டி, துளைபட்ட ஓடு ஆகிய மூன்றுக்குமான செயற்றாள்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வலயங்கள் விரும்பினால் திருத்திப் பயன்படுத்துவதற்கு அவற்றைத் தரச் சித்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.